குணகட்டுவா மூன்றான பிறகு

பாம்பு கடித்தவர்கள் பாம்பையும் கையோடு கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். நெஸ்டமோல்ட் போத்தலில் வரும். ஷொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு வரும். ஒரு முறை கொழுந்துக் கூடையின் அடியில், படங்கில் சுற்றி, உயிரோடேயே வந்தது. வார்டு வாசலில் அதை வாங்கி, பெயர் எழுதி, பத்திரப்படுத்துவது பல வருடம் என் வேலையாக இருந்தது.

நான் பிறந்தது இலங்கையில், இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 2006இல் சப்ரகமுவ மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பாம்புக்கடி ஆய்வுக்கு உதவியாள் தேடினார்கள். தமிழும் சிங்களமும் பேச வேண்டும், நடுராத்திரி கூப்பிட்டாலும் வர வேண்டும். இவ்வளவுதான் தகுதி. சேர்ந்துவிட்டேன். ஒரு பெரிய பதிவேட்டைக் கொடுத்து, வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

வந்த பாம்புகளில் பெரும்பாலானவை ஒரே சாதி. சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள், பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். லயத்தில் நாங்களும் குணகட்டுவா என்றே சொல்லி வளர்ந்தோம். தமிழில் எழுதும்போது கூன்மூக்குக் குழிவிரியன் என்று எழுதுவேன். நீளம் ஒரு முழம் வந்தால் பெரிது. காய்ந்த சருகின் நிறம், சருகுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும், மிதிக்கும் வரை அசையாது. மூக்கு நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். குட்டியாக இருக்கும்போது வால் நுனி மஞ்சளாக இருக்கும், அதைப் புழு நெளிவது போல ஆட்டித் தவளையையும் பல்லியையும் கிட்ட வரவழைக்கும். முட்டையிடாது, குட்டி போடும். கவ்வாத்து வெட்டிய மலையில், விறகுக் கட்டுக்குள், மானாப்புல் பரப்பிய இடத்தில், ரப்பர் மரத்தடியில் எங்கும் இருக்கும். கடி விழுவது காலில், இல்லையென்றால் கைவிரலில்.

"குணகட்டுவா கடிச்சா சாவு இல்ல" என்பது லயத்து நம்பிக்கை. என் பெரியம்மாவுக்கு வலது ஆள்காட்டி விரலில் கடித்தது. பத்துப் போட்டு வீட்டிலேயே இருந்தார். விரல் கறுத்து, நுனி அழுகி, கடைசியில் மேல் கணுவை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் அவர் கொழுந்து பறித்தார், அந்த விரலை மட்டும் மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு. கேட்டால், "உசுருக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். அந்த நம்பிக்கையோடுதான் நானும் வேலைக்குப் போனேன்.

2007இல் மழை விட்டிருந்த ஒரு காலை. கீழ்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவரைக் காலில் கடித்தது. குணகட்டுவாதானே என்று அன்று வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் மாலைதான் வந்தார். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது, சிறுநீர் போவது நின்றிருந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார். அவருடைய மச்சான் பாம்பை ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். தலை இல்லை, கத்தியால் நசுக்கி எறிந்துவிட்டார்கள். நான் வருவதற்குள் அந்தப் பையும் குப்பைக்குப் போய்விட்டது. பதிவேட்டில் நான் எழுதிய வரி இது: "ஆண், 44, குணகட்டுவா, இறக்குவானை." எழுதி முடித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த வரி போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

2009இல் அந்த நினைப்பு உடைந்தது.

இந்தப் பாம்புப் பேரினத்துக்கு அறிவியலில் ஹிப்னேல் என்று பெயர். அந்த வருடம் கலன மதுவகே, அஞ்சன சில்வா, கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட ஆகியோர் சேர்ந்து அதை முழுதாக ஆராய்ந்து ஸூடாக்ஸா என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். மூன்று இனங்கள் என்று வரையறுத்தார்கள். முதலாவது ஹிப்னேல் ஹிப்னேல். இலங்கையில் பரவலாக இருப்பது, கடலுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பது இது ஒன்றுதான். இரண்டாவது ஹிப்னேல் நேபா, மேட்டு நிலத்து ஈரக்காடுகளுக்கு உரியது. மூன்றாவது ஹிப்னேல் ஸாரா, தாழ்நிலத்து ஈரவலயத்துக்கு உரியது. பின்னிரண்டும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. காலி நகரத்துப் பக்கத்தில் கிடைத்த ஒரே ஒரு மாதிரி இந்த மூன்றிலும் சேராமல் நிற்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள்.

கேட்டவுடன், யாரோ புதிதாக இரண்டு பாம்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். அது அப்படி இல்லை. நேபா என்ற பெயரை வைத்தவர் லோரெண்டி, 1768இல். ஹிப்னேல் என்ற இனப்பெயர் மெர்ரெம் 1820இல் வைத்தது. ஸாரா என்பது கிரே 1849இல் வைத்தது. எல்லாம் ஐரோப்பாவுக்குப் போன மாதிரிகளைப் பார்த்து வைத்த பழைய பெயர்கள். ஸாரா என்ற பெயரை மறந்தே போயிருந்தார்கள். நடுவில் 1977இல் கிளாய்ட் என்பவர் வாலி என்று இன்னொரு இனத்தைப் பிரித்திருந்தார். 2009 ஆய்வு அந்த வாலியும் லோரெண்டியின் நேபாவும் ஒன்றே என்று காட்டியது, ஸாராவைத் திரும்ப எழுப்பியது. ஒரு பெயர் போனது, ஒரு பெயர் மீண்டது, இன்னொரு பெயரின் எல்லை நகர்ந்தது.

இதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் பழைய புத்தகங்களை வாசிப்பதைப் பற்றியது. 2009க்கு முன் எழுதிய கட்டுரையில் "நேபா கடித்தது" என்று இருந்தால், அதை இன்றைய நேபாவாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர் எந்த நூலை வைத்துப் பார்த்தார், எந்த ஊர்ப் பாம்பு என்று தேட வேண்டும். பெயர் ஒன்றுதான், ஆனால் அது சுட்டும் பாம்பு மாறியிருக்கலாம். நான் என் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்த வருடத்துப் பெயர் என்று எழுதப் பழகினேன்.

அப்புறம் எங்கள் போத்தல்களைத் திறந்து பார்க்கும் வேலை வந்தது. மேற்பார்த்த டொக்டர் ஒரு கைவில்லையையும், முத்துத் தலை வைத்த குண்டூசிப் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். அறைக்கு ஒரே ஜன்னல். பாம்பை வெள்ளைத் தட்டில் மல்லாத்திக் கிடத்தி, கழுத்தடியிலிருந்து வயிற்றுச் செதில்களை எண்ண வேண்டும். பத்துக்கு ஒரு குண்டூசி. மலவாய் வரை வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து வாலடிச் செதில்களைத் தனியாக எண்ண வேண்டும். ஸ்பிரிட் வாடையில் கண்ணில் நீர் வரும், எண்ணிக்கை தப்பும், முதலிலிருந்து எண்ணுவேன். ஒரு பாம்புக்கு மூன்று தடவை எண்ணி, மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுவேன். பிறகு தலை. மூக்கு நுனி எவ்வளவு தூக்கியிருக்கிறது, அதன் மேலே மரு வைத்தது போல மேடு இருக்கிறதா, அந்த மேட்டில் சிறு செதில்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன. ஆண் பாம்பென்றால் அதன் உறுப்பின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால்தான் பெயர்.

அந்தத் தட்டில்தான் என் பழைய பிழைகள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன.

பாதிப் பாம்புகளுக்குத் தலை இல்லை, அல்லது நசுங்கிப் போயிருந்தது. நம் ஆட்கள் பாம்பை அடித்தால் தலையில்தான் அடிப்பார்கள், பிறகு கவ்வாத்துக் கத்தியால் ஒரு வெட்டு. இனம் தெரிய வேண்டிய அடையாளம் பாதி அந்தத் தலையில் இருக்கிறது. சில போத்தல்களில் லேபலைப் பால்பொயின்ட் பேனாவால் எழுதிப் போட்டிருந்தேன். மை கரைந்து ஸ்பிரிட் முழுக்க இளநீலமாகி, தாள் மட்டும் வெள்ளையாக மிதந்தது. எந்த ஊர், யாரைக் கடித்தது, எதுவும் இல்லை. பென்சிலால் எழுதிய லேபல்கள் நேற்று எழுதியது போல இருந்தன. அன்றிலிருந்து என் சட்டைப் பையில் பென்சில்தான். லேபலைப் போத்தலுக்கு வெளியே ஒட்டுவதோடு விடாமல், கெட்டித் தாளில் எழுதி உள்ளேயும் போட வேண்டும். வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும்.

அடுத்தது ஃபோர்மலின். பாம்பு அழுகாமல் இருக்க 10 சதவீத ஃபோர்மலினில் ஊற வைத்து, பிறகு 70 சதவீத அல்ககோலுக்கு மாற்றுவது முறை. அதை ஒழுங்காகச் செய்திருந்தேன். ஆனால் ஃபோர்மலின் பட்ட சதையில் மரபணுவைப் படிப்பது மிகக் கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபோர்மலினில் போடுவதற்கு முன்னே ஒரு துண்டு சதையோ ஈரலோ வெட்டி, சுத்தமான அல்ககோலில் சின்னக் குப்பியில் தனியாக வைத்திருந்தால், வெளித்தோற்றத்தில் சந்தேகம் வரும் பாம்புகளுக்கு இன்னொரு வழி இருந்திருக்கும். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அல்ககோல் முதல், ஃபோர்மலின் பிறகு. இரண்டு குப்பிக்கும் ஒரே நம்பர். சும்மா ஆசைக்குப் பாம்பு பிடித்துப் போத்தலில் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதிரி சேர்க்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

பெயர் மாறிய போத்தல்களில் பழைய லேபலைக் கிழித்துப் போட நான் கை வைத்தபோது டொக்டர் தடுத்தார். பழையது உள்ளேயே இருக்கட்டும், புதிய சீட்டில் புதிய பெயரையும், பார்த்தவர் யார், எந்தத் திகதி என்பதையும் எழுதிப் பக்கத்தில் போடு என்றார். பெயர் திரும்பவும் மாறலாம். அப்போது வருகிறவருக்கு நாங்கள் எந்த வழியில் வந்தோம் என்று தெரிய வேண்டும். எங்கள் போத்தல் ஒன்றில் இப்போது மூன்று சீட்டுகள் இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னை உறுத்தியது பதிவேட்டில் நான் எழுதிய ஊர்ப் பெயர். "இறக்குவானை" என்று எழுதியிருந்தேன். அது தபால் விலாசம். அந்த விலாசத்துக்குள் கீழே ரப்பர் இருக்கிறது, நடுவே தேயிலை இருக்கிறது, மேலே போனால் சிங்கராஜ வனத்தை ஒட்டிய காடு இருக்கிறது. ஒரு பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் வேர்வையிலிருந்து சுவெட்டருக்குப் போய்விடலாம். மூன்று இனங்களும் உயரத்தையும் ஈரத்தையும் வைத்துப் பிரிந்து வாழும் நாட்டில், உயரத்தை எழுதாத பதிவை வைத்து என்ன செய்வது? பாம்பு கையில் இல்லாத வரிகளை இடத்தை வைத்தாவது கொஞ்சம் நெருங்கியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றினேன். "எந்த ஊர்?" என்று கேட்டால் விலாசம்தான் வரும். "என்ன வேலை செய்துகொண்டு இருந்தீங்க?" என்று தொடங்கினால் கதையே வந்துவிடும். "ஆறாம் நம்பர் மலையில, ஸ்டோருக்கு மேல, ஓடையைத் தாண்டி கவ்வாத்துக் குச்சி பொறுக்கிக்கிட்டு இருந்தேன் தம்பி" என்று ஒரு அக்கா சொன்னார் என்றால், மறுநாள் கங்காணியைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தில் போய் நிற்கலாம். தேயிலையா ரப்பரா காடா, ஓடைக்கு மேலா கீழா, கையா காலா, பொழுது என்ன. இதை எழுத இரண்டு நிமிடம் போதும். இந்த நாளில் கைபேசியில் உயரமும் இடமும் தானாக வருகிறது, எழுதாமல் விட ஒரு காரணமும் இல்லை.

சரி, மூன்றாகப் பிரித்ததால் நோயாளிக்கு என்ன லாபம்? இதை வார்டில் நேர்ஸ்மார் என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டிலில் கிடக்கிறவருக்கு இன்று கொடுக்கும் சிகிச்சை மூன்றுக்கும் ஒன்றுதான். இலங்கைக்கு இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு செய்வது. குணகட்டுவா நஞ்சுக்கு அது வேலை செய்யாது. ஆகவே உடனடி லாபம், இது குணகட்டுவா இனமா, கண்ணாடி விரியனா என்று சரியாகச் சொல்வதில்தான் இருக்கிறது.

இதை ஒரு ராத்திரி கண்ணால் பார்த்தேன். சிறிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மாற்றி அனுப்பிய பெண். அங்கே பாம்பைப் பார்த்து கண்ணாடி விரியன் குட்டி என்று நினைத்து விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வாமை வந்து உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கூடவே ஒரு ஜாம் போத்தல். டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஊசி முனை அளவுக்குக் குழி. தலையின் பின்பாதியில் பெரிய தகடு போன்ற செதில்கள். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அந்தக் குழி இல்லை, தலை முழுக்கப் பொடிச் செதில்தான். போத்தலை டொக்டரிடம் நீட்டி, குழியைக் காட்டினேன். அவரும் பார்த்தார், மருந்தை நிறுத்தினார். அந்தப் பெண் விடியும்போது தேநீர் கேட்டார். சுருட்டை விரியன் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட கரையோரத்துப் பாம்பு. இரத்தினபுரி மலையில் அந்தப் பெயரை யாராவது சொன்னால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும். கேரளத்திலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. கூன்மூக்குக் குழிவிரியன் உயிருக்கு ஆபத்தான கடியைக் கொடுக்கும் என்று இந்தியாவில் உறுதிப்படுத்திய முதல் அறிக்கை 2007இல்தான் வந்தது. அதிலும் அந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்று முதலில் தப்பாக எடுத்திருந்தார்கள்.

மூன்றாகப் பிரித்ததன் லாபம் அடுத்த கட்டத்தில் வருகிறது. யாருடைய நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குகிறது, யாருடையது வெறும் வீக்கத்தோடு நிற்கிறது என்று அறிய, கடித்தது யார் என்று தெரிந்த கடிகளை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுவகே குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 114 கடிகள், அத்தனைக்கும் பாம்பு கையில் இருந்தது. 93 ஹிப்னேல் ஹிப்னேல், 16 ஸாரா, 5 நேபா. இந்தப் பிரிப்பு 2009க்கு முன் நடந்திருக்கவே முடியாது. ஐந்து நேபாவை வைத்து நேபாவைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும்? கொஞ்சம்தான். அதனால்தான் மேட்டுத் தோட்டங்களில் நடக்கும் ஒவ்வொரு கடியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே கடி படுகிறவர்கள் எங்கள் ஆட்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுடைய கடிகளைச் சரியாக எழுதாவிட்டால் நேபா பற்றிய அறிவு அந்த ஐந்திலேயே நிற்கும்.

மருந்து செய்வதற்கும் இது வேண்டும். மலாயா குழிவிரியன் இந்தப் பாம்புகளுக்கு நெருங்கிய உறவு. அதற்காகத் தாய்லாந்தில் செய்யும் மருந்து ஹிப்னேல் நஞ்சை ஆய்வுகூடத்தில் முறித்திருக்கிறது. கோஸ்டா ரிக்காவில் இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே ஒரு மருந்து உருவாக்கினார்கள், அதில் ஹிப்னேல் ஹிப்னேலின் நஞ்சும் சேர்ந்திருந்தது. அதன் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வந்தன. எந்த மருந்தாக இருந்தாலும், எந்த இனத்தின் நஞ்சை எடுத்தோம் என்று தெரியாமல் எடுத்தால், முறிப்பது எதை என்றும் தெரியாது.

கடி பட்டவர்கள் வீட்டில் செய்ய வேண்டியதை இங்கே சொல்லாமல் போக மனம் இல்லை. கட்டு இறுக்க வேண்டாம், கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரை கொடுக்க வேண்டாம், இரத்தம் உறைவது ஏற்கெனவே குழம்பியிருக்கலாம். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எட்ட நின்று கைபேசியில் இரண்டு படம் எடுத்தால் போதும், ஒன்று மேலிருந்து, ஒன்று தலையின் பக்கவாட்டிலிருந்து. கிட்டப் போகாமல் எடுக்க முடியாது என்றால் அதுவும் வேண்டாம். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் தலையை எறியாதீர்கள், ஆனால் கையால் தொடவும் வேண்டாம், வெட்டிய தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். குச்சியால் மூடியுள்ள போத்தலில் தள்ளுங்கள்.

வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனைக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும், புதியதாக, உலர்ந்ததாக. பிளாஸ்டிக்கில் அந்தச் சோதனை பொய் சொல்லும். நான் பார்த்த ஒரு வார்டில் பழைய குழாய்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் திரும்பப் பாவித்தார்கள். உறையாத இரத்தமாக வந்துகொண்டே இருந்தது. குணகட்டுவா கடியில் இரத்தக் குழப்பம் லேசாகவும் இருக்கும், ஆகவே ஒரு முறை உறைந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது, சிறுநீர் குறைந்தால் அன்றே திரும்பி வரச் சொல்லி, அதை அவர்கள் மொழியில் சொல்லி அனுப்புங்கள். சிங்களத்தில் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் லயத்துக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

2011இல் அந்தப் பால் வெட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். நான்கு வருடம் தள்ளிப் போட்ட காரியம். அவருடைய மனைவி வாசலில் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், இப்போது அவர்தான் பால் வெட்டப் போகிறார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு மரம். பழைய வெட்டுக் காயங்கள் மேலே ஆறியிருந்தன, கீழே புதுக் கீற்றில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் சருகு கணுக்கால் வரை. "இங்கதான் தம்பி. சிரட்டையை எடுக்கக் காலை வச்சார்" என்றார்.

இரவல் வாங்கிய ஜீ.பி.எஸ். கருவி இருநூறு மீற்றருக்குச் சற்று மேல் காட்டியது. தாழ்நிலம், ஈரவலயம், ரப்பர். அவர் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பயாவது எந்தப் பாம்புன்னு தெரிஞ்சிருச்சா?"

"இல்ல அக்கா. ரெண்டுல ஒண்ணு. அதுக்கு மேல சொல்ல முடியாது."

கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "சரி, இந்த மரம்னாவது எழுதிக்கங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி 2007ஆம் வருடப் பதிவேட்டை எடுத்தேன். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே பென்சிலால் எழுதினேன்: கீழ் ரப்பர், மூன்றாம் வரிசை, சுமார் 200 மீற்றர், காலைப் பொழுது, இடது கால். ஹிப்னேல் அல்லது ஸாரா, நேபாவாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாம்பு இல்லை. பக்கத்தில் திகதியும் என் பெயரும்.